உழைக்கலாம், காசு கொடுக்கலாம்; உட்காரக் கூடாதாம்!

ஓட்டல்களின் சரித்திரத்தைப் புகழ்ந்து எழுதுவது இக்காலப் பத்திரிகைகளுக்கு ஒரு வாடிக்கையாகப் போய்விட்டது. தாத்தா ஒற்றை அடுப்போடு ஆரம்பித்தார்; பாட்டியின் கைப்பக்குவம் இன்னும் மாறவில்லை; தகப்பனார் கல்லாவில் உட்கார்ந்து கடையை வளர்த்தார்; இன்று பேரன் நடத்துகிறான்; அன்றிருந்த ருசியே இன்றும் இருக்கிறது என்று பக்கம் பக்கமாய் எழுதுகிறார்கள். படமும் போடுகிறார்கள். படிக்கிறவனுக்கும் நாக்கில் நீர் ஊறுகிறது. ஒரு குடும்பம் பாடுபட்டு முன்னுக்கு வந்தது என்றால் அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. பாடுபடுகிறவனைப் பாராட்டுவது சுயமரியாதைக்காரனுடைய கடமையேயாகும்.

ஆனால் இந்தச் சரித்திரங்களில் ஒரு சங்கதி மாத்திரம் எப்போதும் விட்டுப்போகிறது. அந்தக் கடைக்குள் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யார் வெளியே நின்று வாங்கிக்கொண்டு போனார்கள், யார் உள்ளே நாள் முழுதும் பாடுபட்டும் அங்கு உட்கார யோக்கியதை இல்லாதவர்களாய் இருந்தார்கள் என்பதுதான் அந்தச் சங்கதி. இதைக் கேட்டால், "அது அந்தக் காலத்து வழக்கம், இப்போது அதைக் கிளறுவானேன்?" என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால், "அது அவர்கள் குடும்பச் சொத்து, அவரவர் கடை, அவரவர் இஷ்டம்" என்று இன்னொரு சமாதானம் சொல்லுகிறார்கள். இந்த இரண்டாவது சமாதானத்தைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஏனெனில் இதையே ஒரு பெரிய சட்ட நியாயமாக ஆக்கி, ஒரு குடும்பத்தார் அமெரிக்க தேசத்து சுப்ரீம் கோர்ட்டு வரையில் வாதாடிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை நம் நாட்டு ஓட்டல்காரர்களும், அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையாகும்.

பர்மிங்காம் கடை

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் பர்மிங்காம் என்று ஒரு பட்டணம். அங்கு 'ஆலீஸ் பார்பெக்யூ' என்று ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கும், வீட்டுப் பக்குவத்தில் சுட்ட 'பை' என்னும் பலகாரத்திற்கும் பேர்போன கடை. மெக்ளங் என்ற குடும்பத்தாருக்குச் சொந்தம். 1927-ஆம் வருஷத்தில் திறந்தது. 220 பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களும், ஆபீசு உத்தியோகஸ்தர்களுமே பெரும்பாலான வாடிக்கைக்காரர்கள். 36 பேர் வேலை செய்தார்கள். அந்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பு மக்கள்.

திறந்த நாள் தொட்டு 1964 வரையில் 37 வருஷ காலம் அந்தக் கடையில் ஒரு கறுப்பு மனிதனையாவது உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது கிடையாது. வேண்டுமானால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். காசைக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டவேண்டியது.

தோழர்களே, இதைச் சற்று நிதானமாய் யோசித்துப் பாருங்கள். கறுப்பன் உள்ளே வந்து வேலை செய்தால் கடைக்குக் கெடுதி இல்லை. கறுப்பன் கொடுத்த காசு கல்லாவில் விழுந்தால் வெள்ளைக்காரன் கொடுத்த காசுக்கு ஒட்டுவாரொட்டி நோய் வந்துவிடுவதில்லை. அந்தக் கடை இறைச்சி அவன் வயிற்றுக்குள் போவதிலும் ஆட்சேபணை இல்லை. அவனுடைய உடம்பு நாற்காலியில் உட்காருவதில் மாத்திரம்தான் ஆட்சேபணை! அப்படியானால் அவர்கள் பயந்தது அழுக்குக்கா, நோய்க்கா, நாற்றத்திற்கா? ஒன்றுக்கும் அல்ல. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவனும் நம்மைப்போல் ஒரு மனிதன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்பதற்குத்தான் பயந்தார்கள்.

ஏழடி மறைப்பு

"என் கடை, என் இஷ்டம்" என்ற வாதத்தின் புரட்டைக் கண்டுகொள்ள வேறெங்கும் போகவேண்டியதில்லை. அதே பர்மிங்காம் பட்டணத்தின் நகரசபைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே அறையில் சாப்பாடு போடுவது குற்றம். போட்டே தீரவேண்டுமானால் தரையிலிருந்து ஏழடி உயரத்திற்குக் குறையாத கெட்டியான மறைப்பு வைத்து, தெருவிலிருந்து நுழைவதற்கும் தனித்தனி வாசல் வைக்க வேண்டும் என்பது அந்த விதி.

அதாவது, ஒரு கடைக்காரன் நல்லவனாயிருந்து, "எல்லோரும் மனிதர்கள்தானே, ஒன்றாய் உட்காருங்கள்" என்று சொல்ல இஷ்டப்பட்டால்கூட அவன் குற்றவாளி! அப்போது 'அவரவர் கடை, அவரவர் இஷ்டம்' என்ற தத்துவம் எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது? சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டபோது கெடாத கடைக்காரனின் சுதந்திரம், சேர்த்து உட்காரவை என்று சர்க்கார் சொன்னவுடனே கெட்டுப்போய்விட்டதாம். சுதந்திரம் என்ற சொல்லை இவர்கள் உபயோகிக்கும் லட்சணம் இதுதான். தனக்குக் கீழே ஒருவன் கிடக்க வேண்டும் என்பதற்குப் பெயர் சுதந்திரம். கீழே கிடந்தவன் எழுந்தால் அதற்குப் பெயர் பலாத்காரம்.

உட்கார்ந்துதான் வாங்கினார்கள்

இந்த நிலைமை தானாக மாறவில்லை. பாதிரிமார் பிரசங்கத்தினாலோ, கடைக்காரர்களின் மனம் இளகியதாலோ மாறவில்லை. 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வடகரோலினா மாகாணத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் கறுப்பு மாணவர்கள் நான்கு பேர், வுல்வொர்த் என்ற பெரிய கடையின் சிற்றுண்டிப் பகுதியில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் அவர்கள் மறுத்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். ஊர் ஊராய் இது பரவிற்று. உட்கார்ந்தவர்கள் தலையில் சாப்பாட்டைக் கொட்டினார்கள், அடித்தார்கள், ஜெயிலில் போட்டார்கள். ஜூலை 25-ஆம் தேதி அந்தக் கடை இறங்கிவந்தது. அன்று முதல் முதலாக அங்கு உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பு மக்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்துவந்தவர்கள்! பாடுபட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட, வெளியிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்து போராட வேண்டியிருந்தது.

பர்மிங்காமிலும் 1963 ஏப்ரலில் போராட்டம் துவங்கிற்று. மே மாதத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் போலீஸ் நாய்களை ஏவினார்கள். நெருப்பை அணைக்கும் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். உலகமெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்துக் காறித்துப்பிற்று. அதன் பிறகுதான் நகரசபையின் ஏழடிச் சட்டம் எடுபட்டது. 1964 ஜூலை 2-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், ஓட்டல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிறத்தைப் பார்த்து மனிதனைத் தள்ளக் கூடாது என்று சொல்லிற்று.

மாட்டுக்குக் கிடைத்த மரியாதை

சட்டம் வந்ததும் மெக்ளங் குடும்பத்தில் தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். நாங்கள் சிறிய உள்ளூர்க் கடைக்காரர்கள். எங்கள் குடும்பத்துக் கடையில் தலையிட மத்திய சர்க்காருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார்கள். கறுப்பரை உட்காரவைத்தால் வெள்ளைக்கார வாடிக்கை போய்விடும், நஷ்டம் வரும் என்றும் சொன்னார்கள். கீழ்க்கோர்ட்டில் மூன்று ஜட்ஜுகள் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1964 டிசம்பர் 14-ஆம் தேதி ஒன்பது ஜட்ஜுகளும் ஏகமனதாக, சட்டம் செல்லும், கடைக்காரர் கீழ்ப்படிய வேண்டும் என்று முடிவு சொன்னார்கள்.

தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அதற்குச் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அந்தக் கடை ஒரு வருஷத்தில் வாங்கிய உணவுப் பண்டம் சுமார் 1,50,000 டாலர். அதில் 69,683 டாலர், அதாவது 100-க்கு 46 பங்கு, உள்ளூர் வியாபாரி ஒருவர் வெளி மாகாணத்திலிருந்து தருவித்துக் கொடுத்த இறைச்சி. மாகாணங்களுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தில் சட்டம் செய்ய மத்திய சட்டசபைக்கு அதிகாரம் உண்டு. கறுப்பர்களை விலக்குவதால் அந்த வியாபாரம் தடைப்படுகிறது. ஆகவே சட்டம் செல்லும் என்பதே கோர்ட்டு சொன்ன காரணம்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? 1875-லேயே சத்திரம், நாடகக் கொட்டகை முதலிய இடங்களில் நிறபேதம் கூடாது என்று அந்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். 1883-இல் அதே சுப்ரீம் கோர்ட்டு, தனி மனிதன் தன் தொழிலில் செய்கிற பேதத்தை மத்திய சட்டம் தடுக்க முடியாது என்று சொல்லி அதைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆகையால் 80 வருஷங்களுக்குப் பிறகு மனிதனை நேர் வாசல் வழியாக அழைத்துக்கொண்டு போகத் தைரியமில்லாமல், இறைச்சி வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போகச் செய்தார்கள். எல்லை தாண்டி வந்த செத்த மாட்டுக்கு இருந்த யோக்கியதை, எதிரே உயிரோடு நின்ற மனிதனுக்கு இல்லாமற் போயிற்று!

இனி, நஷ்டம் வரும் என்ற வாதத்தைப் பார்ப்போம். ஒரு கடை மாத்திரம் திறந்து மற்றக் கடைகள் மூடியிருந்தால் வெள்ளைக்காரன் அடுத்த கடைக்குப் போய்விடலாம். எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம் என்றால் கோபித்துக்கொண்டு எங்கே போவான்? நடந்ததும் அதுதான். தீர்ப்புக்குப் பிறகு மெக்ளங் குடும்பத்தார் பணிந்தார்கள். கறுப்பு மக்கள் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை, அடுப்பு அவிந்துபோகவில்லை. அதன் பிறகும் 30 வருஷத்திற்கு மேல் அந்தக் கடை நடந்துவந்தது. மனிதனை மனிதனாய் நடத்தினால் நஷ்டம் என்று சொன்னவர்கள் பொய்யர்கள் என்பதற்கு அந்தக் கடையின் பிற்காலச் சரித்திரமே சாட்சி.

கடவுளையும் இழுத்தார்கள்

நிற்க. வியாபாரம், சொத்துரிமை என்ற வாதங்கள் தோற்றால் அடுத்தபடியாக யாரைக் கூப்பிடுவார்கள்? கடவுளைத்தான். தென்கரோலினா மாகாணத்தில் மாரிஸ் பெசிஞ்சர் என்பவர் 'பிக்கி பார்க்' என்ற பெயரில் ஐந்து கடைகள் நடத்தினார். காரில் உட்கார்ந்தபடியே வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி அவசரச் சாப்பாட்டுக் கடைகள் அவை. அங்கும் கறுப்பருக்குச் சாப்பிட இடமில்லை. அவர்மீது வழக்கு வந்தபோது, இந்தச் சட்டம் கடவுள் சித்தத்திற்கு விரோதம், என் மத சுதந்திரத்தில் கைவைக்கிறது என்று வாதாடினார். 1968 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, இதெல்லாம் பார்த்தமாத்திரத்திலேயே அற்பமென்று தெரிகிற வாதம் என்று ஒரு அடிக்குறிப்பிலேயே தள்ளிவிட்டது.

கோர்ட்டு தள்ளிவிட்டது, ஆனால் நாம் அவ்வளவு சுலபமாய்த் தள்ளிவிட முடியாது. அந்தக் கறுப்பனும் அதே கடவுளைத்தானே கும்பிடுகிறான்? அதே வேத புஸ்தகத்தைத்தானே வாசிக்கிறான்? 1963 செப்டம்பர் 15-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே பர்மிங்காமில் கறுப்பு மக்களின் கோவிலில் வெடிகுண்டு வைத்து நான்கு சிறு பெண்களைக் கொன்றார்களே, அன்று அந்தக் கடவுளின் சித்தம் எங்கே போயிருந்தது? தன் வீட்டுக்குள் தன்னைத் தேடிவந்த குழந்தைகளைக் காப்பாற்றச் சக்தியில்லாத கடவுளுக்கு, பிக்கி பார்க்கில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க மாத்திரம் அவகாசம் இருக்கிறதாம்! உள்ளூர்க் கொடுமைக்காரன் எதை விரும்புகிறானோ அதையே அவனுடைய கடவுளும் விரும்பும் என்பது எல்லாத் தேசத்துக் கடவுள்களுக்கும் பொதுவான குணம். நம் நாட்டில் அதற்கு மநுதர்மம் என்று பெயர்.

நம் வீட்டுச் சங்கதி

இவ்வளவு தூரம் அமெரிக்காவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனி நம் ஊர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். சட்டத்தைப் பொறுத்தவரையில் நாம் அமெரிக்காவுக்கு முந்தியவர்கள். 1950 ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளிலும் பொதுச் சாப்பாட்டு விடுதிகளிலும் ஜாதி, மதம் பார்த்து ஒருவரையும் தடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்லுகிறது. இறைச்சி எந்த ஊரிலிருந்து வந்தது என்று நம் கோர்ட்டு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது.

ஆனால் சட்டப் புஸ்தகத்தில் வந்தது தெருவுக்கு வந்ததா? தென்னிந்தியாவின் ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று இருந்ததைப் பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் ஓயாமல் கண்டித்து, 1941-இல்தான் ஒழிக்க முடிந்தது. அதன்பிறகும் ஓட்டல்களின் நெற்றியில் 'பிராமணாள்' என்ற போர்டு போகவில்லை. 1957-இல் பெரியார் அந்தப் பெயரை அழிக்கச் சொன்னார். பல ஓட்டல்காரர்கள் தாங்களாகவே அழித்தார்கள். திருவல்லிக்கேணியில் முரளி கபே மாத்திரம் பிடிவாதம் பிடித்தது. தினந்தோறும் தொண்டர்கள் அதன்முன் போய் நின்றார்கள், தினந்தோறும் கைதானார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைதான பிறகு, 1958-இல் அந்தச் சொல் அங்கிருந்து இறங்கிற்று. 2012-இல் ஸ்ரீரங்கத்தில் அதே சொல் இன்னொரு ஓட்டலில் முளைத்து, மறுபடியும் கிளர்ச்சி செய்ய வேண்டியதாயிற்று.

"யாரையும் தடுக்கவில்லையே! சுத்த சைவம் என்று தெரிவிக்கத்தானே அந்தப் பெயர்?" என்று கேட்கிறார்கள். சைவம் என்று தெரிவிக்க 'சைவம்' என்ற சொல்லே இருக்கிறது. அப்படியிருக்க 'பிராமணாள்' என்று எழுதுவானேன்? ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு மாத்திரம் 'பத்தினி வீடு' என்று போர்டு போட்டால் மற்ற வீடுகளுக்கு என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் இதற்கும். சாப்பாட்டைப் பற்றிய விளம்பரம் அல்ல அது. சாப்பிட வருகிறவனுடைய பிறப்பைப் பற்றிய விளம்பரம்.

உண்மையில் அந்தக் கடையில் எந்தப் பண்டம் பிராமணாள் பண்டம்? காப்பிக் கொட்டையை அரபு நாட்டிலிருந்து மைசூர் மலைக்குக் கொண்டுவந்தவர் பாபா பூதன் என்ற முஸ்லிம் பக்கிரி என்று வழிவழியாய்ச் சொல்லிவருகிறார்கள். சட்டினியில் போடும் மிளகாயும், மசாலா தோசைக்குள் வைக்கும் உருளைக்கிழங்கும், சாம்பாரில் போடும் தக்காளியும் அமெரிக்காவின் பழங்குடி மக்கள் பயிர்செய்து, ஐரோப்பியர் மூலமாய் நமக்கு வந்தவை. அரிசியும் உளுந்தும் உழவன் வியர்வையில் விளைந்தவை. ஆக, துருக்கன் கொடுத்த காப்பி, மிலேச்சன் கொடுத்த கிழங்கு, சூத்திரனும் பஞ்சமனும் விளைவித்த அரிசி; இத்தனையும் சேர்ந்தால் 'பிராமணாள் ஓட்டல்'! பர்மிங்காம் கடைக்காரனுக்கும் இதே கதைதான். நெருப்பில் இறைச்சி வாட்டும் அந்த வித்தையை முதலில் வைத்திருந்தவர்கள் அமெரிக்கப் பழங்குடிகள். தென் மாகாணங்களில் குழி வெட்டி, தணல் போட்டு, இரவெல்லாம் கண்விழித்து அதை வளர்த்தவர்கள் கறுப்பு அடிமைகள். வித்தை அவர்களுடையது, நாற்காலி மாத்திரம் வெள்ளையனுடையது.

நமக்கும் ஒரு வார்த்தை

பார்ப்பன ஓட்டலைச் சொன்னபோது கைதட்டுகிற பார்ப்பனரல்லாத தோழர்கள் இதையும் கேட்டுவிட்டுக் கைதட்டட்டும். நம் கிராமத்து டீக்கடைகளை நடத்துகிறவர்கள் யார்? பெரும்பாலும் நாமேதான். அங்கே ஆதிதிராவிடத் தோழனுக்குச் சிரட்டையில் டீ ஊற்றியது யார்? தனிக் குவளை வைத்து, குடித்த பிறகு அவனையே கழுவி வைக்கச் சொன்னது யார்? சட்டத்திற்குப் பயந்து இப்போது சில இடங்களில் தந்திரத்தை மாற்றியிருக்கிறார்கள். மேல்ஜாதிக்காரனுக்குக் கண்ணாடி கிளாஸ். ஆதிதிராவிடனுக்குத் தூக்கியெறியும் காகிதக் கப்பு. கேட்டால் 'சுகாதாரம்' என்கிறார்கள். சுகாதாரமானால் எல்லோருக்கும் காகிதக் கப்புக் கொடுப்பதுதானே? பர்மிங்காமில் பொட்டலம், இங்கே காகிதக் கப்பு. பண்டம் வேறு; புத்தி ஒன்றே.

'பிராமணாள்' போர்டை இறக்கச் சொல்ல நமக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு கடமை இந்தக் கப்பைத் தூக்கியெறிய நமக்கு உண்டு. மேலே இருப்பவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே கீழே இருப்பவன் தலையை மிதிப்பவனுக்குச் சுயமரியாதை என்ற சொல்லை உச்சரிக்க யோக்கியதை கிடையாது.

ஆகவே தோழர்களே, குடும்பக் கடை என்பதெல்லாம் கதவைத் திறக்கும் வரையில்தான். வீட்டுக்குள் யாருக்குச் சோறு போடுவது என்பது அவனவன் இஷ்டமாயிருக்கலாம். தெருவைப் பார்த்துக் கதவைத் திறந்து, போர்டு மாட்டி, விலை எழுதி, வருகிறவன் காசை வாங்கப் பெட்டி வைத்துவிட்டால் அது பொது இடம். பொதுத் தெரு, பொதுத் தண்ணீர், பொது வெளிச்சம், பொதுப் போலீஸ் இவ்வளவையும் அனுபவிக்கிறவன், பொதுமக்களில் ஒருவனை மாத்திரம் நீ மட்டம் என்று சொல்ல எந்தப் பாட்டன் சொத்தும் அவனுக்கு உரிமை கொடுத்துவிடாது.

இனிமேல் எந்தப் பத்திரிகையிலாவது ஒரு பழைய ஓட்டலின் பெருமையைப் படித்தால், அந்த ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதுங்கள்: 'அன்று அந்தக் கடையில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்பதையும் போடுங்கள்' என்று கேளுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு வகைக் குவளை இருந்தால், அங்கு டீ குடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினோம் என்பதைக் கடைக்காரனிடம் நாலுபேர் கேட்கும்படி சொல்லுங்கள். அதற்கும் அவன் மசியவில்லையானால் சட்டம் இருக்கிறது. எழுத்து மூலமாய்ப் புகார் கொடுங்கள். கிரீன்ஸ்பரோவில் உட்கார்ந்தவர்கள் நான்கே பேர்தான். நம் ஊர் ஒவ்வொன்றிலும் நான்கு பேர் இல்லாமலா போய்விட்டார்கள்?